ரோட்டில் நீங்கள் தெரிகிறீர்களா?

சில வருஷங்களுக்கு முன் ஒரு மார்கழி மாதம். என்னிடம் வழக்கமாக வைத்தியத்துக்கு வரும் பெரியவர் ஒருவர். தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோயாளி. மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவார். உடம்பை மட்டும் அசைக்கமாட்டார். "ஐயா, மருந்து பாதி, உடலுழைப்பு பாதி. முழங்கால் வலியால் நடக்க முடியாவிட்டால் சைக்கிளாவது மிதியுங்கள். காலையில் வெயிலுக்கு முன்னால் அரை மணி நேரம் போதும்" என்று சொல்லி அனுப்பினேன்.

சொன்ன சொல் தட்டாத மனிதர். மறுநாளே பழைய சைக்கிளைத் துடைத்து, காற்றடித்து, விடியற்காலை ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டார். பனிக்குப் பயந்து காப்பிப்பொடி நிறத்தில் ஒரு சால்வை, தலையில் குல்லா. பன்னிரண்டாம் நாள், பின்னால் வந்த லோடு வண்டி இடித்துத் தொடை எலும்பு முறிந்தது. எட்டு மாதம் படுக்கை. இன்றைக்கும் கைத்தடி இல்லாமல் அவரால் நடக்க முடியாது.

அந்த லோடு வண்டியை ஓட்டியவரும் என்னிடம் இடுப்பு வலிக்குத் தைலம் வாங்குகிறவர்தான். சின்ன ஊர் பாருங்கள். ஒரு வாரம் கழித்து வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "அண்ணாச்சி, எனக்குக் குடிக்கிற பழக்கம் கிடையாதுன்னு உங்களுக்கே தெரியும். தூக்கக் கலக்கமும் இல்ல. சத்தியமா அந்தப் பெரியவரு என் கண்ணுல படல. பட்டப்போ பிரேக்குல கால் வைக்கக்கூட நேரம் இல்ல" என்று சொல்லி அழுதார்.

நான் அவரை நம்பினேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சைக்கிள் மிதிக்கச் சொன்ன வைத்தியன் நான். "இருட்டில் போனால் பிறர் கண்ணில் படும்படி போங்கள்" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கக் கூடாதா? அந்த வார்த்தையைத்தான் இப்போது உங்கள் எல்லோரிடமும் சொல்ல வந்திருக்கிறேன்.

நமக்குத் தெரிந்தால் அவருக்கும் தெரியுமா?

இருட்டில் நடக்கிறோம். தூரத்தில் லாரி வருகிறது. அதன் விளக்கு கண்ணைக் கூசுகிறது. "இவ்வளவு வெளிச்சம் நம் மேல் விழுகிறதே, டிரைவருக்கு நம்மைத் தெரியாதா என்ன?" என்று நினைக்கிறோம். அங்கேதான் தப்பு. விளக்கை நாம் பார்ப்பது வேறு, விளக்குக்குப் பின்னால் இருப்பவர் நம்மைப் பார்ப்பது வேறு. நம் மேல் படும் வெளிச்சம் திரும்பிப் போய் அவர் கண்ணைச் சேர்ந்தால்தான் நாம் அவருக்குத் தெரிவோம். கருநீலச் சட்டையும் காப்பிப்பொடி நிறச் சால்வையும் அந்த வெளிச்சத்தைக் குடித்துவிடும்.

ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். எதிரே ஏதோ இருக்கிறது என்று கண் கண்டு, மனம் உணர்ந்து, கால் பிரேக்குக்குப் போவதற்கு ஒன்றரை வினாடியாவது ஆகும். அதற்குள் 25 மீட்டர் போய்விட்டது. பிரேக் பிடித்து வண்டி நிற்க இன்னும் ஒரு 20 மீட்டர். ஆக மொத்தம் 45 மீட்டர். தாழ்த்திய விளக்கில் கறுப்பு உடைக்காரர் கண்ணில் படுவது 30 மீட்டருக்குள் வந்த பிறகுதான். மிச்சத் தூரத்துக்கு எங்கே போவது? நல்ல டிரைவராக இருந்தும் அந்த லோடு வண்டிக்காரர் இடித்ததற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான்.

கண்ணுக்கும் வயது உண்டு

நம் கண்ணின் உள்திரையில் இரண்டு வகை உயிரணுக்கள் உண்டு. ஒன்று பகல் வெளிச்சத்தில் நிறம் பார்ப்பது. இன்னொன்று மங்கலில் வேலை செய்வது. இதற்கு நிறம் தெரியாது. பகலில் பளிச்சென்று தெரிந்த சிவப்புப் புடவை அந்தி மங்கலில் கறுப்பாகத் தெரிவது இதனால்தான். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போனால் கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிஷம் ஆகும். நடுவில் எதிர் வண்டிக்காரர் முழு வெளிச்சத்தையும் அடித்தால் பழகினதும் போச்சு.

வயதாக ஆகக் கண்ணின் பாவை சுருங்குகிறது, விழிலென்ஸ் மஞ்சள் பூக்கிறது. 60 வயதுக்காரரின் உள்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், 20 வயதுப் பையனுக்குப் போவதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே அந்தியில் ஸ்கூட்டர் ஓட்டும் உங்கள் வீட்டுப் பெரியவருக்கும் எதிரே வருகிறவர் சரியாகத் தெரியமாட்டார்.

இந்த இடத்தில் நீங்கள் கேட்பீர்கள்: "டாக்டர், பொன்னாங்கண்ணி சாப்பிட்டால் பகலிலேயே நட்சத்திரம் தெரியும் என்பார்களே?" பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்த நாளிலிருந்து இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பொன்னாங்கண்ணி, முருங்கைக்கீரை, கேரட், பப்பாளி எல்லாம் தாராளமாகச் சாப்பிடுங்கள். மங்கலில் பார்க்கும் அணுக்களுக்கு வைட்டமின் ஏ சத்து வேண்டும். அது குறைந்தால் மாலைக்கண் வரும். ஆனால் குறைவே இல்லாதவர் கூடையாகக் கீரை தின்றாலும் பார்வை இரட்டிப்பாகாது. அதோடு, கீரை உங்கள் கண்ணுக்குத்தான் உதவும். பின்னால் வரும் டிரைவரின் கண்ணுக்கு உங்களைக் காட்டிக் கொடுக்காது. உங்களுக்கு நட்சத்திரம் தெரியட்டும்; லாரிக்காரருக்கு நீங்கள் தெரிய வேண்டாமா?

ரேடியம் ஸ்டிக்கர் என்னும் கைகண்ட மருந்து

இதற்கு ஒரு மருந்து உண்டு. சைக்கிள் கடையிலும் நம்பர் பிளேட் எழுதும் கடையிலும் கிடைக்கிறது. ரேடியம் ஸ்டிக்கர் என்று கேளுங்கள். பேரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 1898-ல் கியூரி தம்பதி கண்டுபிடித்த ரேடியத்தை ஒரு காலத்தில் கடிகார முட்களில் பூசினார்கள், அது இருட்டில் ஒளிர்ந்தது. அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. இன்றைய ஸ்டிக்கரில் ரேடியம் கிடையாது. நுண்ணிய கண்ணாடி மணிகளோ பட்டைகளோதான் இருக்கின்றன. எந்தத் திசையிலிருந்து வெளிச்சம் வந்ததோ அந்தத் திசைக்கே திருப்பி அனுப்புவது அவற்றின் குணம். 150 மீட்டர் தூரத்திலேயே டிரைவர் கண்ணில் பளிச்சிடும். நம் கணக்குக்கு 45 மீட்டர்தானே வேண்டும்? மூன்று மடங்கு கிடைத்துவிட்டது.

எங்கே ஒட்டுவது என்பதிலும் விஷயம் இருக்கிறது. தாழ்த்திய விளக்கு முதலில் நம் காலில்தான் விழும். அதனால் செருப்பின் குதிகாலிலும் கணுக்காலிலும் ஒரு பட்டை இருப்பது முதுகில் இருப்பதைவிட உபயோகம். இன்னொரு காரணமும் உண்டு. ஸ்வீடன் நாட்டு உளவியல் அறிஞர் குன்னர் யோஹான்சன் 1973-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். இருட்டில் ஒரு மனிதரின் மூட்டுகளில் மட்டும் ஒளிப்புள்ளிகளை வைத்து நடக்கவிட்டுக் காட்டினார். அசையாமல் நின்றபோது பார்த்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. நடக்க ஆரம்பித்ததும் "மனிதன்!" என்று கண்டுகொண்டார்கள். ஏறி இறங்கும் கணுக்காலும் சைக்கிள் பெடலும் "இங்கே ஒரு உயிர் போகிறது" என்று டிரைவருக்குச் சொல்லிவிடும்.

நான் இப்போது எழுதிக் கொடுக்கும் சீட்டு இதுதான்:

சைக்கிளில் பின் மட்கார்டில் சிவப்பு ஸ்டிக்கர், முன்னால் வெள்ளை, இரண்டு பெடலிலும் மஞ்சள், சக்கரக் கம்பிகளில் பக்கத்துக்கு இரண்டு.

சீட்டுக்குப் பின்னால் மினுக்கும் சிவப்பு விளக்கு ஒன்று.

நடப்பவர்களுக்குக் கணுக்காலில் ஒட்டும் பட்டை, வெளிர்நிறச் சட்டை. பகலில் கண்ணைப் பறிக்கும் பச்சை, ஆரஞ்சு பனியன்கள் இரவில் அந்த அளவு பலன் தராது. அவை ஒளிரச் சூரிய வெளிச்சம் வேண்டும்.

நடைபாதை இல்லாத ரோட்டில் வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடப்பது. சைக்கிளில் போகிறவர் இடப்பக்கம்தான்.

வாரம் ஒருமுறை ஈரத் துணியால் ஸ்டிக்கரைத் துடைப்பது. சேறு மூடினால் ஸ்டிக்கர் இருந்தும் பிரயோஜனமில்லை.

ஸ்டிக்கர் மட்டும் என்றால் செலவு 100 ரூபாய்க்குள். ஒரு எக்ஸ்ரேவுக்குக்கூட அது காணாது.

சத்தமில்லாத வண்டி

இன்னொன்றும் சொல்லவேண்டும். கோயில்கள், ரயில் நிலையங்கள், பெரிய ஆஸ்பத்திரிகள், அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பேட்டரி கார் ஓடுகிறது. முதியவர்களுக்குப் பெரிய உதவி. ஆனால் அந்த வண்டிக்குக் கதவு கிடையாது, சத்தம் கிடையாது. இருட்டில் அது வருவது முதியவருக்குக் காதிலும் விழாது, கண்ணிலும் படாது. அமெரிக்காவில் கோல்ஃப் மைதானத்தில் ஓட வந்த வண்டியின் சொந்தக்காரன்தான் இது. அங்கே இது மைதானத்தை விட்டுத் தெருவுக்கு வந்ததும் 1998-ல் அரசு ஒரு விதி போட்டது. மணிக்கு 20 மைலுக்கு மேல் 25 மைலுக்குள் போகும் இத்தகைய வண்டிகளுக்கு முன்விளக்கு, பின்விளக்கு, பிரதிபலிக்கும் வில்லை, கண்ணாடி, சீட் பெல்ட் எல்லாம் கட்டாயம் என்றார்கள்.

நாம் விதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள். வண்டியின் நான்கு தூண்களிலும் ரேடியம் பட்டை, கூரை உயரத்தில் பின்னால் ஒரு மினுக்கு விளக்கு, ஓரத்தில் உட்காருகிறவருக்குப் பிடித்துக்கொள்ளக் கம்பி, வளைவில் மெதுவாகத் திரும்பும் டிரைவர். இவ்வளவுதான். உட்கார்ந்திருக்கும் பாட்டி வளைவில் வெளியே சரிந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டால் அதை ஒட்டவைக்க என்னிடம் தைலம் இல்லை.

யார் செய்யவேண்டும்?

"எல்லாம் சரி, டிரைவர்கள்தானே கவனமாக ஓட்டவேண்டும்?" என்பீர்கள். வாஸ்தவம். வேகமாகப் போகிறவருக்குத்தான் பொறுப்பு அதிகம். எதிரே வண்டி வந்தால் விளக்கைத் தாழ்த்துங்கள். முன் கண்ணாடியைத் துடையுங்கள். நாற்பது தாண்டியவர்களும் சர்க்கரை உள்ளவர்களும் வருஷம் ஒருமுறை கண் டாக்டரைப் பாருங்கள். கரும்பு ஏற்றிய டிராக்டர் டிரெய்லரை விளக்கில்லாமல் ரோட்டோரம் நிறுத்துவது பாவம்.

மோட்டார் வண்டிகளுக்குப் பிரதிபலிப்பான் வேண்டுமென்று 1989-ஆம் வருஷ மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வண்டிகளில் முன்விளக்கு தானாகவே எரிகிறது. ஆனால் நடக்கிறவனுக்கு விளக்கு ஏது? சைக்கிள்காரன் கண்ணில் படுகிறானா என்று யார் பார்க்கிறார்கள்? அரசு பிளஸ் ஒன் மாணவர்களுக்கு இலவச சைக்கிள் கொடுக்கிறது. நல்ல காரியம். டியூஷன் முடிந்து அந்தப் பிள்ளைகள் இருட்டில்தான் வீடு திரும்புகிறார்கள். சைக்கிளைக் கொடுக்கிற அன்றே ஆசிரியர்கள் நின்று பெடலிலும் சக்கரத்திலும் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பட்டும். நடக்கச் சொல்லும் எங்களைப் போன்ற வைத்தியர்கள், சித்தமானாலும் அலோபதியானாலும், மருந்துச் சீட்டிலேயே அந்த ஒரு வரியைச் சேர்க்கட்டும்.

போன வாரம் அந்தப் பெரியவர் வந்திருந்தார். கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, "தம்பி, பேத்திக்கு ஸ்கூல்ல சைக்கிள் குடுத்திருக்காங்க. அந்த ஸ்டிக்கர் எங்க கிடைக்கும், எழுதித் தா" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். நீங்களும் இன்று மாலை உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் சைக்கிளை ஒரு தரம் பாருங்கள்.