ஏதென்ஸ் சபை தனக்கே இட்டுக்கொண்ட கடிவாளம்

பண்டைய ஏதென்ஸில் மக்கள் திரண்டு கை தூக்கியதெல்லாம் சட்டமாயிற்று என்று பலரும் நினைக்கிறார்கள். கி.மு. 5-ஆம் நூற்றாண்டுக்கு இது ஏறக்குறையப் பொருந்தும். அடுத்த நூற்றாண்டுக்குப் பொருந்தாது. இடையில் அந்த ஊர் பட்ட பாடு தெரிந்தால்தான் அதன் மக்களாட்சியின் உண்மையான பெருமை விளங்கும்.

கி.மு. 411-இல் மக்கள் சபை தன் வாக்காலேயே மக்களாட்சியைக் கலைத்துக்கொண்டது. அதற்கு வழிவிட, சட்டவிரோதத் தீர்மானம் கொண்டுவருபவர்மீது எந்தக் குடிமகனும் வழக்குத் தொடுக்கலாம் என்ற உரிமையை முதலில் நீக்கினார்கள். மக்களாட்சி மீண்டது. ஆனால் கி.மு. 406-இல் இன்னொரு அவலம். ஆர்கினூசாய் தீவுகளருகே ஏதென்ஸ் கடற்படை வென்றது. புயலில் தத்தளித்த தன் வீரர்களை மீட்க முடியவில்லை. கொதித்துப்போன சபை, தளபதிகள் எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரே வாக்கெடுப்பில் தண்டனை விதித்தது. தனித்தனியே விசாரிக்காதது முறையல்ல என்று சபையை நடத்தும் குழுவில் இருந்த சாக்ரடீஸ் மறுத்தார். மக்கள் விரும்பியதைச் செய்யத் தடையா என்று கூட்டம் இரைந்ததாக வரலாற்றாசிரியர் செனபோன் எழுதியிருக்கிறார். ஊர் திரும்பியிருந்த ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். ஏதென்ஸின் புகழ்பெற்ற தலைவர் பெரிக்ளிஸின் மகனும் அவர்களில் ஒருவர். பிறகு அதே மக்கள் வருந்தினார்கள். போன உயிர் வருமா?

ஸ்பார்ட்டாவுடனான போரில் தோற்று, அதன்பின் ஊரை ஆண்ட முப்பது பேர் குழுவின் கொடுங்கோலும் கழிந்து, கி.மு. 403-இல் மக்களாட்சி திரும்பியபோது சட்டம் வேறு, தீர்மானம் வேறு என்று திட்டமாகப் பிரித்தார்கள். போர், சமாதானம், தூது போன்ற அன்றாட அரசுக் காரியங்களில் சபை தீர்மானம் போடலாம். எந்தத் தீர்மானமும் சட்டத்துக்கு மேற்பட்டதல்ல.

சட்டத்தை மாற்றுவதற்குத் தனி வழி. புதிய சட்ட வரைவை எழுதி, சந்தைவெளியில் பத்துக் குலங்களின் நாயகர் சிலைகளுக்கு முன் எல்லோரும் படிக்க வைக்க வேண்டும். சபை இசைந்தால், நீதிமன்ற உறுதிமொழி எடுத்த, முப்பது வயது கடந்த குடிமக்களிலிருந்து சட்டமியற்றும் குழு அமையும். சில சமயம் 1,001 பேர்கூட இருப்பார்கள். அங்கே நடப்பது வழக்கு விசாரணை போன்றது. புதிய சட்டத்துக்காக அதைக் கொண்டுவந்தவர் வாதாடுவார். பழைய சட்டத்துக்காகப் பேச, சபையே ஆட்களைத் தேர்ந்து நிறுத்தும். நடப்பிலுள்ள சட்டத்துக்கு வக்கீல் வைத்துக் கொடுத்த இந்த ஏற்பாட்டை எத்தனை பாராட்டினாலும் தகும். பெண்களுக்கும் அடிமைகளுக்கும் குடியேறிகளுக்கும் இதில் எங்குமே இடமில்லை என்ற பெருங்குறையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தீர்மானத்தின்மீது வழக்குத் தொடுக்கும் உரிமையும் திரும்பி வந்தது. அதையும் மனம்போனபடி பயன்படுத்த முடியாது. ஐந்தில் ஒரு பங்கு வாக்குகூடப் பெறாத வழக்காளிக்கு 1,000 டிராக்மா அபராதம். பேச்சாளர் டெமாஸ்தனிஸுக்குப் பொன்முடி சூட்டும் தீர்மானத்தை எதிர்த்து வழக்காடிய அவரது அரசியல் எதிரி ஈஸ்கினிஸுக்கு கி.மு. 330-இல் அந்தக் கதிதான் நேர்ந்தது. அவர் ஊரை விட்டே போய்விட்டார்.