காணி சின்னம்மாவின்ர, கையெழுத்து சித்தப்பாவின்ர

போன வருசம் சின்னம்மாவோட ஒரு நொத்தாரிசிட்டப் போயிருந்தன். அவவுக்கு ஆறு பரப்புக் காணி இருக்கு. அம்மப்பா கலியாணத்துக்குச் சீதனமாக எழுதிக் குடுத்தது. அதில ரெண்டு பரப்பை வித்து, மகளை மேல படிப்பிக்கிறதும் வீட்டுக் கூரையைத் திருத்துறதும்தான் திட்டம். வாங்க ஆளும் இருந்தது, விலையும் பேசியாச்சு. நொத்தாரிசு உறுதியைப் பார்த்தார். தோம்பு எடுத்துப் பார்த்தார். வில்லங்கம் ஒண்டும் இல்லை. கடைசியாகத்தான் கேட்டார்: “அவர் எப்ப வருவார்?”

சித்தப்பா வெளிநாடு போய்ப் பதினொரு வருசம். கடைசி ஏழு வருசமாக ஒரு கோல்கூட இல்லை. ஆள் எந்த நாட்டில இருக்கிறார் எண்டும் தெரியாது.

“அவற்ற கையெழுத்து இல்லாமல் நான் எழுதினால் உறுதி செல்லாது தங்கச்சி. வாங்கிறவருக்கும் கரைச்சல்.”

“காணி என்ர பேரில எல்லோ இருக்கு?” எண்டா சின்னம்மா. அந்தக் கேள்விக்கு நொத்தாரிசிட்ட மறுமொழி இருக்கவில்லை. சட்டத்திடமும் நேர்மையான மறுமொழி இல்லை என்பதுதான் என் கருத்து.

வடமாகாணத் தமிழருக்குச் சொத்து விடயத்தில் தேசவழமை பொருந்தும். ஒல்லாந்தர் காலத்தில், 1706-07இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி தொகுத்தது, பிறகு பிரித்தானியர் 1806இல் சட்டமாக ஏற்றுக்கொண்டது என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்போம். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்ற மூன்று சொல்லும் எங்கட வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் இன்று நொத்தாரிசு மேசையில் உயிரோடு இருப்பது பெரும்பாலும் 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம். அதன் 6ஆம் பிரிவு சொல்வது இதுதான்: கலியாணம் முடித்த பெண் தன் தனிச் சொத்துக்கு உரிமையாளி. நகை, காசு போன்ற அசையும் சொத்தை அவ விரும்பியபடி செய்யலாம். காணி, வீடு எண்டால் விற்கவோ ஈடு வைக்கவோ நன்கொடையாகக் குடுக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேணும். மரண சாசனம் மட்டும் விதிவிலக்கு. அதாவது செத்த பிறகு ஆருக்குப் போகவேணும் எண்டு தானே முடிவெடுக்கலாம், உயிரோட இருக்கேக்க ஏலாது.

கணவன் தன் முதுசக் காணியை விற்க மனைவியின் கையெழுத்து தேவையில்லை. அதுக்கு மேல விளக்கம் வேண்டியதில்லை எண்டு நினைக்கிறன்.

“தேசவழமைதானே பொம்பிளையளுக்குச் சொத்துக் குடுத்த சட்டம்” எண்டு ஒரு பெருமைப் பேச்சு எங்களிட்ட இருக்கு. பாதி உண்மை. பெண்ணின் பெயரில் காணி எழுதுகிற வழக்கம் இங்க உறுதியாக இருந்தது, இன்னும் இருக்கு. கலியாணத்துக்குப் பிறகு தேடின சொத்தில் சரிபாதி மனைவிக்கு உண்டு. இதெல்லாம் நல்ல விசயம், விட்டுக்குடுக்கச் சொல்லவில்லை. ஆனால் உறுதியில் பெயர் இருக்கிறதும் அந்தக் காணியைப் பற்றி முடிவெடுக்கிறதும் ஒன்றல்ல.

மட்டக்களப்பிலிருந்து வந்து என்னோட படிக்கிற பிள்ளையிட்ட இதைச் சொன்னன். “எங்கட அம்மாவுக்கு அப்படி ஒண்டும் இல்லையே” எண்டாள். உண்மைதான், அவையளுக்குப் பொதுச் சட்டம். 1923ஆம் ஆண்டின் மணமான பெண்கள் ஆதனக் கட்டளைச் சட்டம் அந்தச் சம்மதத் தேவையை எப்பவோ எடுத்துவிட்டது. தேசவழமைக்கு உட்பட்ட தமிழருக்கு அது பொருந்தாமல் விடப்பட்டது. இன்னொரு புதினமும் இருக்கு. அவள் நாளைக்கு யாழ்ப்பாணத்தில் தேசவழமைக்குட்பட்ட ஒரு பெடியனைக் கட்டினால், அந்தக் கலியாணம் இருக்கிறவரைக்கும் அவளுக்கும் தேசவழமைதான். நான் மட்டக்களப்புப் பெடியனைக் கட்டினால் எனக்கு அது இல்லை. மாப்பிள்ளை ஆர் என்பதில் எங்கட கையெழுத்தின்ர பெறுமதி மாறுது!

“சம்மதம் கேக்கிறது பாதுகாப்புக்குத்தான், இல்லாட்டி பொம்பிளையளை ஏமாத்தி எழுதுவிச்சுப் போடுவினம்” எண்டு மாமா சொன்னார். ஏமாத்துறவை இருக்கினம்தான். ஆனால் எங்கட ஊர்களில் மனுசியின்ர சீதனக் காணியை ஈடு வைக்கச் சொல்லி நெருக்கிறது பெரும்பாலும் ஆர்? அந்த நேரம் சம்மதக் கையெழுத்து தடையா, வசதியா? உண்மையான பாதுகாப்பு வேணுமெண்டால் குடும்பம் குடியிருக்கிற வீட்டுக்கு இரண்டு பேரின் சம்மதமும் தேவை எண்டு வைக்கட்டும், ஆம்பிளையின் பெயரில் வீடு இருந்தாலும்கூட. அதை நான் ஆதரிப்பன்.

சட்டத்தில் ஒரு வாசல் இருக்கு, அது 8ஆம் பிரிவு. கணவன் கைவிட்டுப் போனால், இருக்கிற இடம் தெரியாவிட்டால், காரணமில்லாமல் சம்மதம் மறுத்தால், இப்படிச் சில நிலைமைகளில் மனைவி மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டு அந்தச் சம்மதம் இல்லாமலே எழுத அனுமதி எடுக்கலாம். இதை நொத்தாரிசு சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். சின்னம்மா கச்சேரி, ஜீஎஸ் எண்டு அலைஞ்சு பழகின மனுசி. கோட்டு எண்டதும் முகம் சுருங்கிப் போச்சு. “மனுசன் விட்டிட்டுப் போட்டுது எண்டு கோட்டில போய் நிண்டு சொல்லவேணுமோ?” எண்டு கேட்டா. சின்னம்மாவாவது “விட்டிட்டுப் போட்டார்” எண்டு சொல்லலாம். போரில் கணவன்மார் காணாமல் ஆக்கப்பட்டு, இன்னும் பொட்டு வைச்சுக்கொண்டு படத்தோட றோட்டில நிக்கிற பெண்கள் என்ன சொல்லி மனுப் போடுவது? மரணச் சான்றிதழ் எடுக்க மாட்டம் எண்டுதானே அவையள் நிக்கினம்.

“அடிப்படை உரிமை வழக்குப் போடலாமே” எண்டு கேட்கலாம். அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சமத்துவத்தைச் சொல்லுது. ஆனால் 16ஆம் உறுப்புரை, அரசியலமைப்புக்கு முன்பிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் செல்லும் என்கிறது. ஆகவே இதை மாற்றுவதெண்டால் பாராளுமன்றத்தால்தான். எங்கட எம்பிமார் காணி எண்டால் மணிக்கணக்கில் பேசுவினம். இராணுவம் பிடிச்ச காணி, வனவளத் திணைக்களம் எல்லை போட்ட காணி எல்லாம் பேசவேண்டியதுதான். அதே வாய் 6ஆம் பிரிவைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. “எங்கட தனித்துவத்தில கை வைக்கக்கூடாது” எண்டு சிலர் வருவினம். 1947இல் தேடியதேட்டத்தின் வரைவிலக்கணத்தையே மாத்தினவை. அந்த நேரம் தனித்துவம் எங்கையும் ஓடிப்போகவில்லை.

இடையில், காணி வாங்க நினைக்கிற அண்ணாமார் அக்காமாருக்கு ஒண்டு. உறுதி, தோம்பு பார்க்கிறதோட நிக்காதேங்கோ. விக்கிறவ கலியாணம் கட்டினவவா, தேசவழமைக்கு உட்பட்டவவா எண்டு கேளுங்கோ. பங்குக் காணி எண்டால் மற்றப் பங்காளிகளுக்கு முன்கொள்வனவு உரிமை இருக்கு, அவையளுக்கு அறிவிச்சாச்சா எண்டும் பாருங்கோ. வெளிநாட்டில இருந்து காசு அனுப்பிவிட்டு உறுதியின் போட்டோவை வட்ஸ்அப்பில் பார்த்துத் திருப்திப்படுகிற ஆக்கள் கட்டாயம் கேக்கவேணும்.

சின்னம்மா கடைசியில் மனுப் போட்டா. லோயருக்குக் குடுக்க நகை ஒண்டை அடைவு வைச்சா, அதுக்கு ஆற்ற கையெழுத்தும் தேவைப்படவில்லை. வாங்க வந்தவர் ரெண்டு மாசம் பார்த்துவிட்டு வேற காணி வாங்கிவிட்டார். மச்சாள் இப்ப ஒரு கடையில் வேலைக்குப் போறாள். அடுத்த தவணை வாற மாசம், நானும் கூடப் போறன்.