டயபர் யாருக்காக?

போன வாரம் ஆபீஸ்ல ரிலீஸ். விடிய விடிய லேப்டாப்போட மல்லுக்கட்டினதுல, பாப்பாவுக்கு டயபர் மாத்தவே மறந்துட்டேன். காலையில கழட்டினா பின்பக்கம் தக்காளியா செவந்து கிடக்கு. அவ அழுத அழுகையில எனக்கே கண் கலங்கிடுச்சு.

அம்மா பவுடர் டப்பாவோட வந்தாங்க. வேணாம்னுட்டேன். அது மூச்சுல போனா நுரையீரலுக்கு ஆகாது. ஆனா "கொஞ்சம் காத்தாட விடுடா"ன்னாங்க பாருங்க, அதான் வைத்தியம்! ஈரமும் மலமும் தோல்லயே ஊறுறதுதானே பிரச்சினை?

வெறும் தண்ணியில கழுவி, தேய்க்காம துணியால ஒத்தியெடுத்து, காத்தாட விட்டு, ஜிங்க் ஆக்ஸைடு க்ரீமைத் தடிமனா தடவினோம். மூணே நாள்ல சரியாச்சு. ரெண்டு மூணு நாள்ல குறையலைன்னாலோ, சீழ், காய்ச்சல்னாலோ டாக்டர்கிட்ட ஓடிடுங்க.

மக்களே, டயபர் நம்ம வசதிக்குத்தான், குழந்தைக்கு இல்ல. பாய் நனைஞ்சா துவைச்சுக்கலாம். தினம் கொஞ்ச நேரமாவது கழட்டி விடுங்கப்பா! :-)