யாருடைய பட்டினம்?

பழைய யாழ்ப்பாணப் பட்டினத்தைக் கால்நடையாகவே பார்த்து முடித்துவிடலாம். கோட்டையிற் புறப்பட்டு, முற்றவெளியைக் கடந்து, நூல்நிலையத்தையும் மணிக்கூட்டுக் கோபுரத்தையும் பார்த்துப் பெரியகடைக்குள் நுழைய ஒரு காலைப் பொழுது போதும். இதற்கு இன்று 'மரபுரிமை நடை' என்று பெயர். பெயரோடு எமக்குப் பிணக்கில்லை. எவருடைய மரபு, எவருக்கு உரிமை என்பதே எமது கேள்வி.

1619 இல் யாழ்ப்பாண அரசை வீழ்த்திய போர்த்துக்கீசர் கட்டிய கோட்டையை, 1658 இல் கைப்பற்றிய ஒல்லாந்தர் ஐங்கோண வடிவிற் பெருப்பித்தனர். வருவோர் மதிலின் கனத்தை வியக்கின்றனர். அதற்குக் கல் சுமந்தவனின் முதுகை எவரும் நினைப்பதில்லை. மணிக்கூட்டுக் கோபுரமோ 1875 இல் இலங்கைக்கு வந்த வேல்ஸ் இளவரசரின் வருகையை நினைவுகூர எழுந்தது. ஆண்டவர்கள் தம் பெயரைக் கல்லில் நிறுத்திச் சென்றனர். ஆளப்பட்டோருக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை.

நூல்நிலையத்தின் முன் நாம் அனைவரும் தலைகுனிந்து நிற்கிறோம். நிற்கவே வேண்டும். 1981 மே 31 இரவு மூட்டப்பட்ட தீயில் ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. மூட்டியவர்களை வரலாறு மன்னியாது. ஆனால், பிறர் எமக்குக் கொடுமை இழைத்த இடத்தில் நின்று அழுதுவிட்டு, நாம் பிறருக்குக் கொடுமை இழைத்த இடத்தை விரைந்து கடப்பது என்ன நேர்மை?

முற்றவெளியைக் கடந்தோமே, சற்று நின்றோமா? 1966 ஒக்டோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து தீண்டாமைக்கெதிராகப் புறப்பட்ட ஊர்வலம், பொலிஸாரின் தடியடியையும் தாங்கி வந்து சேர்ந்த இடம் அது. அவர்கள் கேட்டது என்ன? கோவிலுக்குள் ஓர் அடி. தேநீர்க்கடையில் ஓர் ஆசனம். சாதிவழித் தடையைக் குற்றமாக்கிய சட்டம் 1957 இலேயே வந்துவிட்டது. வந்தும் என்ன? ஒடுக்கப்பட்டவன் கடை வாசலில் நின்று, தனக்கென ஒதுக்கிய போத்தலிலேயே தேநீர் குடித்தான். அவனைத் தடுத்தவன் அந்நியன் அல்லன்.

இனிச் சோனக தெருவுக்கு வாருங்கள். 1990 ஒக்டோபர் 30 அன்று இங்கு வாழ்ந்த முஸ்லிம் மக்களை இரண்டு மணி நேரத்தில் வெளியேறுமாறு விடுதலைப் புலிகள் பணித்தனர். தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்த வீட்டையும் கடையையும் விட்டு, அணிந்திருந்த நகையையும் இழந்து அவர்கள் நடந்தனர். அந்த மாதத்தில் வடக்கெங்கும் துரத்தப்பட்டோர் 70,000 பேருக்கு மேல். அவர்களின் வீடுகள் நெடுங்காலம் கூரையின்றிக் கிடந்தன. அன்று தடுக்க இயலவில்லை என்போம். பின்னர் பேசவுமா இயலவில்லை?

"பழைய புண்ணைக் கிளறுவானேன்?" என்பர் சிலர். நூல்நிலையம் எரிந்த புண்ணும் பழையதுதான். அதை மறக்கும்படி எவரேனும் சொன்னால் நாம் பொறுப்போமா? எமது புண்ணுக்கு நினைவு, நாம் செய்த புண்ணுக்கு மறதி என்பது வரலாறு அன்று, வழக்கறிஞர் வாதம்.

ஆசிரிய நண்பர்களே, அடுத்தமுறை மாணவரை அழைத்துச் செல்கையில் கோட்டையிலிருந்து தொடங்காதீர்கள். சோனக தெருவிலிருந்து தொடங்குங்கள். தேநீர்க்கடை வாசலில் நில்லுங்கள். முற்றவெளியில் அமர்ந்து பேசுங்கள். அதன்பின் நூல்நிலையத்தின் முன் நின்றால், நமது கண்ணீருக்கு ஒரு நியாயம் இருக்கும். கோட்டையைக் கடைசியிற் பார்க்கலாம். அது எங்கும் போய்விடாது.