லைனரைக் கழட்டுறதுக்கு முன்னாடி அளந்து பாருங்கய்யா!

"பிரிச்சாச்சுன்னா லைனரை மாத்திடணும் தம்பி. அதான் முறை."

எங்க ஊர்ப்பக்கம் டீசல் இன்ஜின் ஓவராயில் நடக்கிற இடத்துல எல்லாம் இந்த வசனம் கண்டிப்பா வரும். இந்தப் பதிவு அந்த வசனத்துக்கு எதிரானது. கொஞ்சம் காட்டமாத்தான் இருக்கும், பொறுத்துக்குங்க.

முதலில், என்னைப் போல் பொட்டி தட்டும் மக்களுக்காக ஒரு சின்ன விளக்கம். பிஸ்டன் இன்ஜின் பிளாக்கில் நேரடியாக உரசாமல் இருக்க, வார்ப்பிரும்புக் குழாய் ஒன்றை உள்ளே சொருகி வைத்திருப்பார்கள். அதுதான் லைனர். ஸ்லீவ் என்றும் சொல்வார்கள். தேய்ந்தால் குழாயை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், பிளாக் தப்பிக்கும். தண்ணீரால் குளிரும் வயல் இன்ஜின்கள் பலவற்றில் இது 'வெட் லைனர்'. அதாவது வெளிப்பக்கத்தைத் தண்ணீர் தொட்டுக்கொண்டே இருக்கும். மேல் விளிம்பு பிளாக்கில் உள்ள பள்ளத்தில் உட்காரும். கீழே இருக்கும் ரப்பர் ஓ-ரிங், தண்ணீர் ஆயிலுக்குள் இறங்காமல் தடுக்கும்.

இப்ப மேட்டருக்கு வருவோம். திருவாரூர் மாவட்டத்துக் கடைமடையில் சித்தப்பாவுக்கு மூணு ஏக்கர். வாய்க்காலில் தண்ணி வந்தாலும் வயல் மேடு, இறைத்துத்தான் பாய்ச்சணும். கரண்ட் கனெக்ஷன் இல்லை. 5 ஹெச்பி ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின்தான் எல்லாம். சம்பாவுக்கு நாற்று விட்டிருந்த சமயம் பார்த்து நீலப்புகை கக்க ஆரம்பித்தது. ஹேண்டிலைச் சுற்றினால் கம்ப்ரஷனே இல்லை.

மெக்கானிக் அண்ணன் வந்தார். நல்ல மனுஷன், இருபது வருஷ அனுபவம். ஹெட்டைக் கழட்டி உள்ளே எட்டிப் பார்த்தார். விரலால் தடவினார். "லைனர் போச்சு" என்றார். சித்தப்பா டவுனுக்குப் போய் பிஸ்டன், லைனர், ரிங் எல்லாம் ஒரே பெட்டியில் வரும் செட்டை வாங்கி வந்தார். அண்ணன் பிளாக்கைத் தனியே எடுத்துக் கவிழ்த்துப் போட்டு, லைனரின் அடிவிளிம்பில் ஒரு கட்டையை வைத்து, சம்மட்டியால் போட ஆரம்பித்தார். வாய்க்கால் தண்ணீரையே குளிர்ச்சிக்கு விடுவதால் லைனரைச் சுற்றிச் சேறும் துருவும் கெட்டியாகப் பிடித்திருந்தது. அசையவே இல்லை. இன்னும் ஓங்கிப் போட்டார்.

லைனர் வந்தது. கூடவே, கீழே ஓ-ரிங் உட்காரும் இடத்தில் பிளாக்கிலிருந்து ஒரு சில்லும் பெயர்ந்து வந்தது.

நான் என்ன பண்ணிக்கிட்டு இருந்தேன்னு கேக்குறீங்களா? டார்ச் அடிச்சுக்கிட்டு இருந்தேன். பி.இ. படித்தவன். எங்கள் காலேஜ் லேப்பில் ஒரு கிர்லோஸ்கர் ஏவி1 இருந்தது. 80 மி.மீ. போர், 110 மி.மீ. ஸ்ட்ரோக், 1500 ஆர்பிஎம் என்று இன்னைக்கும் ஒப்பிப்பேன். லோடு டெஸ்ட் எடுத்து கிராஃப் போட்டு மார்க் வாங்கியதோடு சரி. அதன் லைனரை ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் வார்ப்பிரும்பு அமுக்கத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது என்று பரீட்சையில் எழுதியிருக்கிறேனே! சம்மட்டி அடியில் லைனர் கொஞ்சம் சாய்ந்தால் ஒரு பக்கத்து விளிம்பை நெம்பும், அது தெறிக்கும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? வாயைத் திறக்கலை. அதனால் இந்தத் திட்டில் பாதி எனக்குத்தான்.

மறுநாள் திண்ணையில் கிடந்த பழைய லைனரை எடுத்தேன். அண்ணனின் டூல் பெட்டியிலேயே, டேப்பட் பார்க்கிற ஃபில்லர் கேஜ் இருந்தது. புது செட்டிலிருந்து ஒரு ரிங்கை எடுத்து, பழைய லைனரின் அடியில் ரிங் உரசாத, தேயாத பகுதியில் வைத்து, பிஸ்டனால் தள்ளி நேராக்கி, ரிங்கின் வாய் இடைவெளியைப் பார்த்தேன். 0.35 மி.மீ. பிறகு மேலே, ரிங் போய்த் திரும்பும் இடத்தில். லைனர் அதிகம் தேய்வது அங்கேதான். வெப்பமும் வாயு அழுத்தமும் அங்கே அதிகம், பிஸ்டன் ஒரு கணம் நின்று திரும்புவதால் ஆயில் படலமும் மெலிந்துவிடும். அங்கே 0.60 மி.மீ.

வித்தியாசம் 0.25. விட்டம் கூடினால் சுற்றளவு பை மடங்கு கூடும், பள்ளிக்கூடக் கணக்குதான். 0.25-ஐ 3.14-ஆல் வகுத்தால் விட்டத்தில் தேய்மானம் 0.08 மி.மீ. மேனுவல் அனுமதிக்கும் அளவில் பாதிகூட இல்லை. சுவரில் கீறலும் இல்லை. லைனர் நல்லாத்தான் இருந்திருக்கு! பழைய பிஸ்டனைப் பார்த்தால், ரிங்குகள் கரி பிடித்துக் காடியிலேயே ஒட்டிக் கிடக்கின்றன. கரியைச் சுரண்டி, லைனரை லேசாக ஹோனிங் பண்ணி, ரிங் செட் மட்டும் மாற்றியிருந்தால் போதும்.

"செட்டா மாத்திட்டா நிம்மதிதானே?" என்று கேட்கும் நண்பர்களுக்கு: கம்ப்யூட்டர் மெதுவா ஓடுதுன்னு சொன்னதும் "ஃபார்மேட் பண்ணிடு" என்கிற அதே புத்திதான் இது. அங்கே போனால் நாலு போட்டோ போகும். இங்கே லைனரை உருவுவதே பிளாக்குக்கு ஒரு ஆபத்து. துரு பிடித்து இறுகியதை அசைக்கிறோம், நல்லா உட்கார்ந்திருந்த ஓ-ரிங்கைக் கலைக்கிறோம், மேல் விளிம்பின் உயரத்தை மாற்றுகிறோம். அந்த உயரம் தப்பினால் ஹெட் கேஸ்கட் நிற்காது. ஓ-ரிங் தப்பினால் ஆயில் பால் காப்பி நிறத்துக்கு வரும், அப்புறம் பேரிங் காலி.

"அனுபவம் கையில இருக்கு, அளவு எதுக்கு?" என்பவர்களுக்கு: 0.08-க்கும் 0.25-க்கும் உள்ள வித்தியாசத்தை எந்த விரலும் சொல்லாது. மேலே தட்டுப்படும் வரப்பு, தேய்ந்திருக்கு என்று சொல்லும். மாத்தணுமா வேண்டாமா என்று சொல்லாது. ரிங் கணக்கு சொல்வதும் சராசரியைத்தான். முட்டை வடிவமாகத் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க போர் கேஜ் வேண்டும், மூன்று உயரத்தில், இரண்டு திசையில். அது லேத் பட்டறையில் கிடைக்கும். ஃபில்லர் கேஜோ உங்க பெட்டியிலேயே கிடக்கு, அண்ணே.

லைனரைக் கழட்டவே கூடாது என்று சொல்லவில்லை. அளவு மீறித் தேய்ந்தால், ஆழமாகக் கீறினால், வெடித்தால், வெளிப்பக்கம் அரித்துத் துளை விழுந்தால், கீழே தண்ணீர் கசிந்தால், கழட்டித்தான் ஆகணும். அப்பவும் சம்மட்டி வேண்டாம். லைனரின் அடிவிளிம்பில் மட்டும் பொருந்தும், பிளாக்கில் இடிக்காத ஒரு வட்டத் தகடு. நடுவே ஒரு நீள போல்ட். மேலே பிளாக்கின் மீது உட்காரும் ஒரு பாலம். துரு இளக எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறப்போட்டு நட்டை முறுக்கினால் நேராக எழும்பி வரும். இந்தப் புல்லரை எந்த லேத்திலும் செய்து கொடுப்பார்கள். புது லைனரை முதலில் ஓ-ரிங் இல்லாமல் இறக்கிப் பாருங்கள், கையாலேயே இறங்கித் திரும்பணும். ஓ-ரிங் போட்டு இறக்கிய பிறகு விளிம்பின் உயரத்தை மேனுவலோடு ஒப்பிடுங்கள். மூடுவதற்கு முன் தண்ணீர் நிரப்பி, கீழே கசிகிறதா என்று பொறுமையாகப் பாருங்கள்.

சித்தப்பாவின் பிளாக்கை டவுனில் பித்தளைப் பற்றவைப்பு செய்து, கடைந்து கொண்டுவர நாலு நாள் ஆனது. அதுவரை மணிக்கணக்கு வாடகையில் வேறொரு இன்ஜின். அதுவும் ரெண்டாவது நாள்தான் கிடைத்தது. அதற்குள் நாற்றங்காலின் மேட்டுப்பக்கம் வெளுத்துப் போச்சு. சித்தப்பா யாரையும் ஒரு வார்த்தை திட்டவில்லை. "எல்லாம் நேரம்டா" என்றார்.

நேரமெல்லாம் இல்லை சித்தப்பா. ஒரு ஃபில்லர் கேஜும் அஞ்சு நிமிஷமும்தான்.

ஊரில் அப்பாவோ மாமாவோ இன்ஜின் வைத்திருக்கும் மக்களே, அடுத்த முறை யாராவது "லைனர் போச்சு" என்றால், "எவ்வளவு தேய்ஞ்சிருக்கு அண்ணே?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்க. என்னை மாதிரி டார்ச் பிடிச்சுக்கிட்டு நிக்காதீங்க.

டிஸ்கி: சில இன்ஜின்களில் தண்ணீர் படாத 'ட்ரை லைனர்' இருக்கும். மெல்லிசான குழாய், பிளாக்கோடு இறுக்கமாக அழுத்திச் சொருகியது. அதை வீட்டில் வைத்துத் தொடவே தொடாதீங்க. பிரஸ்ஸில் வைத்துத் தள்ளுவதோ கடைந்து எடுப்பதோ லேத் பட்டறை வேலை.