மூடிய கிணற்றுக்கு யார் பொறுப்பு?

விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம் சிமெண்டால் அறியப்பட்ட ஊர். 1970இல் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகம் இங்கே ஆலையை நிறுவியது. 1976இல் அது தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகத்தின் கைக்கு வந்தது. சுண்ணாம்புக்கல்லை அரைத்துச் சுட்டு, நீர் பட்டதும் இறுகும் தூளாக்கும் தொழிலை இவ்வட்டாரம் அரை நூற்றாண்டுக்கு மேலாக அறியும். கலவை தவறினால் சுவர் என்னவாகும் என்பதை இம்மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் தொழில்நுட்பத்தைப் பற்றி இவ்வூரை முன்னிறுத்தி எழுதுவதற்குக் காரணம் அதுவே. ஓர் எண்ணெய்க் கிணற்றைக் காத்து நிற்பது இரும்புக்கு அடுத்தபடி சிமெண்டுதான்.

மற்றொரு காரணமும் உண்டு. 1985 வரை இப்பகுதி பழைய இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. இன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் இருபது ஆய்வுக் கிணறுகள் தோண்ட எண்ணெய், இயற்கை எரிவாயுக் கழகத்துக்கு மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் 2025இல் ஒப்புதல் அளித்தது; எதிர்ப்பு எழுந்தபின், அதைத் திரும்பப் பெறும்படி தமிழக அரசு அறிவுறுத்தியது. கேள்வி அதோடு முடிந்துவிடவில்லை. 2020ஆம் ஆண்டின் வேளாண் மண்டலப் பாதுகாப்புச் சட்டம் காவிரி டெல்டாவுக்கு மட்டுமே அரணாக நிற்கிறது. வானம் பார்த்த கரிசல் பூமிக்கு அத்தகைய அரண் எதுவும் இல்லை.

எண்ணெய்க் கிணறு எப்படித் தோண்டப்படுகிறது என்பதை ஒவ்வொரு குடிமகனும் அறிந்திருத்தல் நலம். சுழலும் துளைமுனை பாறையைக் கடைந்துகொண்டு கீழிறங்கும். களிமண்ணும் பாரைட் என்னும் கனிமத்தின் தூளும் கலந்த கனத்த சேறு குழாய்வழி உள்ளே பாய்ந்து, உடைந்த பாறைத் துகளை மேலே அள்ளி வரும். ஆழத்தில் அடைபட்டுள்ள வாயுவின் அழுத்தத்தைத் தன் எடையால் அடக்கியும் வைக்கும். குறித்த ஆழம் வந்ததும் இரும்புக் குழாயை இறக்குவார்கள். பின்பு சிமெண்டுக் குழம்பைக் குழாயின் உள்ளே செலுத்துவார்கள். அது அடிவரை சென்று, குழாய்க்கும் பாறைக்கும் நடுவேயுள்ள இடைவெளியில் மேல்நோக்கி ஏறி இறுகும். நாம் குடிக்கும் நீர் தங்கியுள்ள மணற்படுகைக்கும், கீழிருந்து ஏறத் துடிக்கும் உவர்நீர், வாயு, எண்ணெய் ஆகியவற்றுக்கும் இடையே நிற்பது இந்த மெல்லிய வளையம்தான்.

வீடு கட்டும் சிமெண்டு இதற்கு உதவாது. ஆழத்தின் வெப்பத்தில் குழம்பு பாதி வழியிலேயே இறுகிவிடாமலிருக்கத் தாமதப்படுத்தும் பொருள் சேர்க்கப்படுகிறது. நூற்றுப்பத்துப் பாகை செல்சியசைத் தாண்டினால் சிமெண்டு தன் வலிமையை இழக்கும் என்பதால் சிலிக்கா மாவும் கலக்கப்படுகிறது. இறுகிய பின் ஒலிக்கருவியை உள்ளே இறக்கி, வளையம் எங்கே பிடித்திருக்கிறது, எங்கே விலகியிருக்கிறது என்று கேட்டறிகிறார்கள். நூறாண்டு முயற்சியில் மனித அறிவு அடைந்த பெருமிதத்துக்குரிய திறன் இது. நாம் அதை வணங்குகிறோம்.

ஆனால் திறன் இருப்பது வேறு, அதைப் பயன்படுத்துவது வேறு. 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவின் மகோண்டோ கிணற்றில் வாயு பீறிட்டு வெடித்தது. பதினொரு பேர் மாண்டனர். எண்பத்தேழு நாள் எண்ணெய் கடலில் கொட்டியது. அடியிலிருந்த சிமெண்டு வாயுவைத் தடுக்கத் தவறியது என்று விசாரணை கண்டது. அன்று காலை, அந்தச் சிமெண்டைச் சோதிக்க வந்திருந்த குழுவைச் சோதனை எதுவும் செய்யாமலே திருப்பி அனுப்பியிருந்தார்கள். கருவி இருந்தது. கையாளத் தெரிந்தவர்களும் மேடையிலேயே நின்றார்கள். நேரமும் பணமும் மிச்சமாகும் என்ற கணக்கு அவர்களை ஊருக்கு அனுப்பிவிட்டது.

நம் நாட்டிலும் பாடங்களுக்குக் குறைவில்லை. கோதாவரிக் கரையில் பாசர்லபூடிக் கிணறு 1995இல் அறுபத்தைந்து நாள் எரிந்தது. அசாமின் பாக்ஜானில் 2020 மே மாதம் பீறிட்ட வாயு ஜூனில் தீப்பற்றி இரு தீயணைப்பு வீரர்களைப் பலிகொண்டது. அதை அடக்க நவம்பர் ஆயிற்று. 2014 ஜூன் 27 அன்று ஆந்திரத்தின் நகரம் என்னும் கிராமத்தில் எரிவாயுக் குழாய் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் கருகினர். உலர்ந்த வாயுவுக்கென அமைத்த குழாயில் ஈரம் கலந்த வாயு சென்றது. நீர் அடியில் தங்கி இரும்பை உள்ளிருந்தே அரித்தது.

தமிழகத்துக்கு வருவோம். காவிரிப் படுகையில் 1958 முதலே நிலவியல் தேடல் நடந்தது; 1964இல் காரைக்காலில் துளையிட்டார்கள். 1985இல் நரிமணத்தில் எண்ணெய் கிடைத்தது. அதனருகே பனங்குடியில் 1993இல் சுத்திகரிப்பு ஆலை எழுந்தது. திருமக்கோட்டையிலும் குத்தாலத்திலும் இராமநாதபுரத்து வழுதூரிலும் இம்மண்ணின் வாயுவால் மின்சாரம் விளைகிறது. கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் அயல்நாட்டில் வாங்கும் நாட்டுக்கு இவை சிறு உதவியல்ல. ஒரே திடலில் நின்று பல திசைகளில் சாய்வாகத் துளையிடும் முறையால் விளைநிலத்தின் இழப்பைக் குறைக்கவும் முடியும். இவற்றை மறைத்து எழுதுவது நேர்மையாகாது.

எனினும் 2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்து வயலில் குழாய் கசிந்து தீ எழுந்தபோது, மக்களுக்கு முதலில் கிடைத்தது விளக்கமா? காவலர் படையும் கைதுகளும்தான். அதே ஆண்டு ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நெடுவாசல் கொதித்தது. அதற்கு முன்பே மன்னார்குடி மீத்தேன் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகச் சென்ற இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார், 2013 டிசம்பர் 30இல் அப்பணியிலேயே உயிர் நீத்தார். இவர்களையெல்லாம் அறிவியலின் பகைவர் என்று எழுதியோர் உண்டு. அந்தக் குற்றச்சாட்டை நாம் ஏற்கவில்லை. தன் நிலத்தடியில் என்ன நடக்கிறது என்று கேட்பவன் அறிவியலின் முதற்கேள்வியைக் கேட்கிறான்.

இத்துறையின் குறை எங்கே என்பதையும் சொல்லியாக வேண்டும். தேடவும் தோண்டவும் உரிய தொழில்நுட்பம் ஆண்டுதோறும் கூர்மையடைகிறது. ஆயிரக்கணக்கான அடி ஆழத்துக் கருங்கற்பாறையின் விரிசலிலும் எண்ணெய் இருக்கும் என்று சீர்காழியை அடுத்த மாதானத்தில் கண்டுகொண்டார்கள். ஆனால் வற்றிய கிணற்றை மூடுவதில் வருவாய் இல்லை. மூடுவதென்றால் மண்ணைத் தள்ளி நிரப்புவதன்று. பல ஆழங்களில் சிமெண்டுத் தக்கைகளை நிறுத்தி, அழுத்தம் கொடுத்துச் சோதித்து, பல்லாண்டு கண்காணிப்பதாகும். வயலுக்கடியில் ஓடும் குழாயின் தடிமனை உள்ளே சென்று அளந்து வரும் கருவி உண்டு. சிறு விட்டமுள்ள பழங்குழாய்கள் பலவற்றில் அது நுழையாது. அங்கே தேவை குழாயையே மாற்றும் மனம். அரிப்பு உழவனுக்குத் தெரிய வருவது நாற்றங்காலில் எண்ணெய் மிதக்கும்போதுதான் என்றால், அத்தனை தொழில்நுட்பமும் யாருக்காக?

ஆகவே கேட்கிறோம். தமிழகத்தில் தோண்டப்பட்ட ஒவ்வொரு கிணற்றின் இருப்பிடம், ஆழம், இறுதியாகச் சிமெண்டு சோதிக்கப்பட்ட நாள், மூடப்பட்டிருந்தால் மூடிய முறை ஆகியவை அந்தந்த ஊராட்சியில் தமிழில் எழுதி வைக்கப்பட வேண்டும். சுற்றியுள்ள குடிநீர்க் கிணறுகளை எண்ணெய் நிறுவனத்தைச் சாராத ஆய்வகம் ஆண்டுக்கிருமுறை சோதித்து, முடிவைக் கிராம சபையில் படித்துக் காட்ட வேண்டும். குழாய்களின் வயதும் அவற்றை மாற்றும் நாளும் அறிவிக்கப்பட வேண்டும். கிணற்றை மூடுவதற்கான செலவைத் தோண்டும் முன்பே அரசிடம் வைப்புத் தொகையாகக் கட்ட வேண்டும்.

இவை நிறைவேறும்வரை இராமநாதபுரத்தின் எந்தக் கண்மாய்ப் பாசன நிலத்திலும் புதிய துளைமுனை இறங்க மத்திய, மாநில அரசுகள் இடந்தரலாகாது.