தேசவழமையும் வேணும், மாற்றமும் வேணும்



முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தைத் திருத்தவேணும் எண்டு எழுதினால் போதும், "நீங்களும் ஞானசார தேரர் பக்கமோ?" எண்டு உள்பெட்டியில் கேட்கிறீர்கள்.

இல்லை. 2021இல் "ஒரே நாடு, ஒரே சட்டம்" என்று செயலணி அமைத்து அவரையே தலைவராக்கியபோது அதை எதிர்த்தவர்கள் நாங்கள். அந்தக் கத்தி காதி நீதிமன்றத்தோட நிக்காது. 1707இல் ஒல்லாந்தர் சட்டமாக்கிய எங்கட தேசவழமைக்கும் வரும், கண்டியச் சட்டத்துக்கும் வரும்.

அதுக்காக 1951ஆம் ஆண்டுச் சட்டத்தில் கைவைக்கக் கூடாது எண்டு சொல்ல ஏலுமோ? 1995இல் மற்றவர்களின் திருமண வயது 18 ஆனது. முஸ்லிம் பிள்ளைகளை மட்டும் வெளியே விட்டார்கள். காதி அனுமதித்தால் 12 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் திருமணத்தையும் பதியலாம். மணமகளின் கையெழுத்துக் கட்டாயமில்லை, வலி கையெழுத்திட்டால் போதும். பெண் ஒருவர் காதியாக வரவே முடியாது. அடிப்படை உரிமை எண்டு வழக்குப் போடவும் வழியில்லை, அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை பழைய சட்டங்களுக்குக் காவல் நிற்கிறது.

மாற்றம் கேட்டு முன்னால் நிற்பதும் முஸ்லிம் பெண்கள்தான், தேரர்கள் இல்லை. மர்சூப் குழு 2009இல் அமைந்தது. 2018இல் இரண்டாகப் பிரிந்து அறிக்கை கொடுத்தது. மொரோக்கோ 2004இலேயே, இஸ்லாமியச் சட்டத்துக்குள் நின்றபடியே, பெண்ணின் திருமண வயதை 18 ஆக்கிவிட்டது.

எங்கட பக்கமும் சுத்தமில்லை. தேசவழமையின்படி மணமான பெண் தன் சீதனக் காணியை விற்கக் கணவனின் சம்மதம் வேண்டும். அடுத்த பதிவு அதைப் பற்றித்தான்.